ஃபோர்ஸ்மார்க் 1: நான்கில் இரண்டு யுபிஎஸ் ஏன் விழுந்தது? கட்டுப்பாட்டு மின்வழங்கியை மாற்றுவோருக்கான நிகழ்வு ஆய்வு

2006 ஜூலை 25, பிற்பகல் ஒன்றேகால் தாண்டிய நேரம். ஸ்வீடனின் கிழக்குக் கரையில் உள்ள ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தின் முதல் அலகு முழுத் திறனில் ஓடிக்கொண்டிருந்தது. நிலையத்துக்கு வெளியே, தேசிய மின்தொகுப்பின் 400 கிலோவோல்ட் சுவிட்ச்யார்டில் பராமரிப்பு வேலை. லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஐசோலேட்டர் திறக்கப்பட்டது. ஐசோலேட்டர் கரன்ட்டை அறுப்பதற்கான கருவி அல்ல. வில் பொறி எழுந்து இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே ஷார்ட் ஆனது.

இப்படிப்பட்ட கோளாறு எந்த நிலையத்துக்கும் வரும், வந்திருக்கிறது. அலகு தொகுப்பிலிருந்து பிரிந்துகொள்ளும், ரியாக்டர் நிற்கும், டீசல்கள் ஓடும், அதோடு கதை முடியும். அன்று அப்படி முடியவில்லை. நான்கு பாதுகாப்புத் தொகுதிகளில் ஏ, பி இரண்டிலும் யுபிஎஸ் (தடையில்லா மின்வழங்கி) விழுந்தது. அந்த இரண்டு தொகுதிகளின் டீசல்களும் ஓடின, ஆனால் பஸ்ஸோடு (கருவிகளுக்கு மின்சாரம் பகிரும் பொதுக் கடத்தியோடு) இணையவில்லை. கன்ட்ரோல் ரூம் திரைகளிலும் காட்டிகளிலும் கணிசமான பகுதி இருண்டது. சர்வதேச அணுசக்தி நிகழ்வு அளவுகோலில் இது 2ஆம் நிலை நிகழ்வாகப் பதிவானது.

யாரும் காயப்படவில்லை, கதிரியக்கமும் வெளியேறவில்லை. ஆனாலும் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கான மின்வழங்கியை மாற்ற நினைக்கும் எவரும் இந்த ஒரு நிகழ்வை வயர் வயராகப் படித்துவிட்டுத்தான் டெண்டர் எழுத வேண்டும். அன்று விழுந்தவை காலாவதியான பழைய பெட்டிகள் அல்ல. 1980இல் வணிக உற்பத்தி தொடங்கிய அலகில், 1990களில் புதிதாக வைத்த யுபிஎஸ்கள் அவை.

ஒரு நொடிக்குள் நடந்தது

ஷார்ட் ஆன கணத்தில் மின்னழுத்தம் சரிந்தது. ஜெனரேட்டரின் தானியங்கி மின்னழுத்தச் சீராக்கி, தன் வேலையைச் சரியாகச் செய்து, ஜெனரேட்டரின் காந்தப்புலத்தை உண்டாக்கும் ஃபீல்டு கரன்ட்டை ஏற்றியது. அடுத்து 400 கிலோவோல்ட் பிரேக்கர்கள் திறந்து அலகு தொகுப்பிலிருந்து கழன்றது. லோடு பறிபோயிற்று, ஃபீல்டு மட்டும் ஏறியே இருந்தது. நிலையத்துக்குள் மின்னழுத்தம் இயல்பளவில் சுமார் 120 சதவீதத்துக்குத் தாவியது. முதலில் ஆழமான சரிவு, உடனே ஏற்றம். இந்த இரட்டை அசைவுதான் முக்கியம். சரிவை மட்டும் தாங்குவதோ ஏற்றத்தை மட்டும் தாங்குவதோ போதாது.

ஒவ்வொரு தொகுதியிலும் அமைப்பு இதுதான்: டீசல் ஆதரவுள்ள 500 வோல்ட் பஸ், அதிலிருந்து ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர், நடுவில் டிசி இணைப்பும் பேட்டரியும், பிறகு டிசியை மீண்டும் ஏசியாக்கும் இன்வெர்ட்டர், கடைசியில் கட்டுப்பாட்டு அமைப்புக்கான 220 வோல்ட் ஏசி பஸ். கல்பாக்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல: பேட்டரி டிசி கிளாஸ்-1, தடையில்லா ஏசி கிளாஸ்-2, டீசல் பஸ் கிளாஸ்-3, தொகுப்பு மின்சாரம் கிளாஸ்-4.

சரிவின்போது ரெக்டிஃபையரின் சீராக்கி தைரிஸ்டர்களை (கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் மின்னணு சுவிட்சுகளை) முழுக்கத் திறக்கிறது, டிசி மின்னழுத்தத்தைக் காப்பாற்றுவதற்காக. அந்த நிலையிலேயே உள்ளீடு 120 சதவீதத்துக்குத் தாவுகிறது. சீராக்கி பின்வாங்குவதற்குள் டிசி இணைப்பில் மின்னழுத்தம் எகிறிவிடுகிறது. இந்த இடத்தில் ரெக்டிஃபையர் முதலில் ட்ரிப் ஆகி ஒதுங்க வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரியில் தொடர வேண்டும். பேட்டரி இருப்பதன் பொருளே அதுதான். ஆனால் இரண்டின் உயர் மின்னழுத்தப் பாதுகாப்புக்கும் இடையே வேண்டிய இடைவெளி இல்லை. ஏ, பி தொகுதிகளில் ரெக்டிஃபையரோடு இன்வெர்ட்டரும் ட்ரிப் ஆனது. நல்ல பேட்டரி, முழு சார்ஜில், யாருக்கும் பயன்படாமல் நின்றது.

சி, டி தொகுதிகளிலும் அதே வகை யுபிஎஸ்தான். அவை தாங்கின. லோடு அளவிலும் கருவிகளின் சின்னச் சின்ன அளவு வேறுபாடுகளிலும்தான் வித்தியாசம். நான்கும் ஒரே விளிம்பில் நின்றிருந்தன, இரண்டு மட்டும் சறுக்கின என்று படிப்பதே நேர்மையான வாசிப்பு.

டீசல் ஓடியது, பிரேக்கர் மூடவில்லை

டர்பைன்கள் நின்றபின் 500 வோல்ட் பஸ்கள் இறந்தன. நான்கு டீசல்களும் கிளம்பின. டீசலைப் பஸ்ஸோடு இணைக்கும் பிரேக்கர் மூட, இன்ஜின் போதிய வேகத்தை எட்டிவிட்டது என்ற சிக்னல் வேண்டும். அந்த வேக அளவீட்டுக் கருவிக்கு மின்சாரம் எங்கிருந்து? அதே தொகுதியின் 220 வோல்ட் ஏசி பஸ்ஸிலிருந்து, அதாவது சற்றுமுன் விழுந்த அதே யுபிஎஸ்ஸிலிருந்து.

யுபிஎஸ் இல்லாததால் வேக சிக்னல் இல்லை. வேக சிக்னல் இல்லாததால் பிரேக்கர் மூடவில்லை. பிரேக்கர் மூடாததால் 500 வோல்ட் பஸ் உயிர்பெறவில்லை. பஸ் உயிர்பெறாததால் யுபிஎஸ்ஸை எழுப்ப வழியில்லை. டீசல் மட்டும் முழு வேகத்தில், காலியாக ஓடிக்கொண்டே இருந்தது. யுபிஎஸ்ஸும் டீசலும் ஒன்றுக்கொன்று மாற்று என்று வரைபடத்தில் இருந்தாலும், அந்த ஒரு வயர் இரண்டையும் ஒன்றாகக் கட்டியிருந்தது.

மீதி விளைவுகள் இதிலிருந்து கிளைத்தவை. இரண்டு தொகுதிகள் மின்சாரம் இழந்ததை, நான்கில் இரண்டு தொகுதி சொன்னால் போதும் என்ற லாஜிக் உண்மையான தேவையாக எடுத்துக்கொண்டது. இரண்டு அழுத்தத் தணிப்பு வால்வுகள் திறந்தன. ரியாக்டரை நிறுத்தும் கட்டுப்பாட்டுத் தண்டுகளில் ஒரு பகுதியின் நிலைகாட்டிகள் அணைந்தன. எல்லாத் தண்டுகளும் உள்ளே போயினவா என்று ஆபரேட்டர்களால் உடனே உறுதி செய்ய முடியவில்லை. சி, டி தொகுதிகளின் குளிர்விப்பு வேலை செய்ததால் எரிபொருள் நீருக்குள்ளேயே இருந்தது. சுமார் 22 நிமிடங்களுக்குப் பிறகு ஆபரேட்டர்கள் கையால் சுவிட்ச் செய்து, உயிரோடிருந்த 70 கிலோவோல்ட் வெளித்தொகுப்பிலிருந்து ஏ, பி பஸ்களுக்கு மின்சாரம் கொடுத்தார்கள்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் போனால் ட்ரிப் ஆகும் சுற்று, மின்சாரம் இருந்தால்தான் இயங்கும் சுற்று என இரண்டு வகை உண்டு. ஒரே யுபிஎஸ் விழுந்ததில் இரண்டு வகையும் தவறான பக்கம் போயின: வேண்டாத வால்வு திறந்தது, வேண்டிய பிரேக்கர் திறந்தே நின்றது.

பதினைந்து ஆண்டு முந்தைய முன்னோட்டம்

1991 ஆகஸ்ட் 13, நியூயார்க் மாநிலம், ஒன்டாரியோ ஏரிக்கரை. நைன் மைல் பாயிண்ட் நிலையத்தின் 2ஆம் அலகில் பிரதான டிரான்ஸ்ஃபார்மரின் பி ஃபேஸ் உள்ளே ஷார்ட் ஆனது. மின்னழுத்தம் சுமார் 200 மில்லிநொடி சரிந்தது. அவ்வளவுதான். ஐந்து யுபிஎஸ்கள் ஒரே சமயத்தில் நின்றன. கன்ட்ரோல் ரூமின் அலாரம் பலகைகள் முழுக்க அமைதியாயின, தண்டு நிலைகாட்டிகள் போயின. நிலைய அளவிலான அவசரநிலை அறிவிக்கப்பட்டது. சுமார் அரை மணி நேரத்தில் கையால் மீட்டார்கள்.

ஐந்துக்கும் பேட்டரி நன்றாகத்தான் இருந்தது, இன்வெர்ட்டர்களிலும் கோளாறு இல்லை. பிரச்சினை யுபிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டு கார்டுகளுக்கான சின்ன மின்வழங்கியில். அது முதன்மையாக எடுத்தது இன்வெர்ட்டர் வெளியீட்டை அல்ல, யுபிஎஸ்ஸைச் சுற்றிக்கொண்டு போகும் பராமரிப்பு பைபாஸ் லைனை. பைபாஸ் சரிந்தபோது ரிலே மாறிக்கொள்வதற்குள் கார்டுகளின் மின்சாரம் எல்லைக்குக் கீழே போனது. லாஜிக் யுபிஎஸ்ஸை நிறுத்தியது. இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சிறிய ஜெல் பேட்டரிகள் இருந்தன. அவை பல ஆண்டுகளாக மாற்றப்படாமல் உயிரிழந்து கிடந்தன. பராமரிப்புப் பட்டியலில் யாருடைய கண்ணிலும் அவை படவில்லை. பெரிய பேட்டரி வங்கியைக் கவனிக்கும் இடத்தில் கையளவு பேட்டரி தொலைந்துபோவது இயல்புதான், மன்னிக்கத்தக்கது அல்ல.

திருத்தம் எளிது: லாஜிக் மின்சாரம் முதலில் இன்வெர்ட்டர் வெளியீட்டிலிருந்து, மாற்றாக மட்டுமே பைபாஸ்.

இரண்டு நிலையங்களிலும் கேள்வி ஒன்றே. யுபிஎஸ் எத்தனை கேவிஏ என்பதல்ல. யுபிஎஸ்ஸை ஆட்டிவைக்கும் பாகத்துக்கு யார் கரன்ட் கொடுக்கிறார்கள், அது விழுந்தால் கூடவே எது விழும்?

மாற்று வேலையில் இது எப்படி இறங்குகிறது

முதலில் லோடு பட்டியல். பழைய வரைபடத்திலிருந்து அல்ல, பேனலைத் திறந்து ஒவ்வொரு எம்சிபியாக (சிறு பிரேக்கராக) தொட்டு எழுத வேண்டும். ஒவ்வொரு வரியிலும் நான்கு செய்தி: எந்த பஸ், எவ்வளவு ஆம்பியர், மின்சாரம் போனால் இந்தக் கருவி எந்தப் பக்கம் விழும், இதன் கட்டுப்பாட்டு மின்சாரம் எங்கிருந்து. நான்காவது செய்தியில்தான் ஃபோர்ஸ்மார்க்கின் வேக அளவீடு அகப்பட்டிருக்கும். டீசல் கிளம்பவும் பிரேக்கர் மூடவும் வேண்டிய எல்லாமே அந்த டீசல் எழுப்பப்போகும் ஏசியைச் சாராமல் இருக்க வேண்டும். பேட்டரி டிசியில் இருப்பதே நல்லது.

அடுத்து உள்ளீட்டு விவரக்குறிப்பு. பிளஸ் 10, மைனஸ் 15 சதவீதம் என்று ஒற்றை வரி எழுதி அனுப்பினால் கடைப் பெட்டிதான் வரும். நேரத்தோடு கூடிய வளைகோடு வேண்டும்: எத்தனை மில்லிநொடிக்கு எத்தனை சதவீதம் வரை சரிவு, அதைத் தொடர்ந்து எத்தனை நொடிக்கு எத்தனை சதவீதம் ஏற்றம், கூடவே அதிர்வெண் எவ்வளவு விலகும். இந்த எண்களை நிலையத்தின் ஜெனரேட்டரையும் சீராக்கியையும் வைத்து சிமுலேஷனில் எடுக்க வேண்டும். உற்பத்தியாளர் ஆலையில் முழு லோடிலும், பத்து சதவீத லோடிலும் அந்த வளைகோட்டை ஓட்டிப் பார்க்க வேண்டும். குறைந்த லோடில்தான் டிசி எகிறல் மோசமாக இருக்கும். அதைப் பலர் சோதிப்பதே இல்லை. பிரேக்கரை அணைத்துப் பார்ப்பது மின்சாரம் போவதற்கான சோதனை, சரிவுக்கான சோதனை அல்ல. நைன் மைல் பாயிண்ட்டில் நடந்தது 200 மில்லிநொடி சரிவு.

பாதுகாப்பு செட்டிங்கை எண்ணில் பார்ப்போம். 220 வோல்ட் டிசிக்கு 108 லெட்-ஆசிட் செல்கள் என்று வைத்துக்கொள்வோம். செல்லுக்கு 2.23 வோல்ட் ஃப்ளோட் (வழக்கமான சார்ஜ் நிலை) என்றால் 241 வோல்ட். ஈக்வலைஸ் (செல்களைச் சமப்படுத்தும் உயர் சார்ஜ்) 2.33 என்றால் 252. டிஸ்சார்ஜ் முடிவில் 1.80 என்றால் 194. இன்வெர்ட்டர் 194க்குச் சற்றுக் கீழிருந்தே வேலை செய்ய வேண்டும், கேபிள் இழப்புக்கு நான்கைந்து வோல்ட் சேர்த்து. மேல்பக்கம், ரெக்டிஃபையர் ட்ரிப்பை 260 வோல்ட்டில் குறைந்த தாமதத்தோடு வைத்தால், இன்வெர்ட்டர் ட்ரிப் 285, 290க்கு மேல், அதிகத் தாமதத்தோடு இருக்க வேண்டும். இது உதாரணம்தான்; உங்கள் கருவியின் டிசி கெப்பாசிட்டரும் டிரான்சிஸ்டரும் எத்தனை வோல்ட் தாங்கும் என்பதை ஆவணத்தில் பார்க்காமல் செட்டிங்கை ஏற்றக் கூடாது. கேட்க வேண்டியது ஒரே விஷயம்: இரண்டு எல்லைகளுக்கும் இடையில், எகிறல் வளைகோடு எங்கே ஏறி எங்கே இறங்குகிறது? ஃபோர்ஸ்மார்க்கில் பின்னர் செய்த திருத்தமும் இதுவே: ரெக்டிஃபையர் முந்தி ஒதுங்கும்படி செட்டிங்குகளைப் பிரித்தார்கள், டீசல் வேக அளவீட்டை யுபிஎஸ் ஏசியிலிருந்து விடுவித்தார்கள்.

ஷார்ட் சர்க்யூட் கரன்ட்டில் இன்னொரு பொறி. பழைய மோட்டார்-ஜெனரேட்டர் செட் ஷார்ட் ஆனால் முழு லோடைப்போல் ஐந்து ஆறு மடங்கு கரன்ட்டைத் தள்ளும். கீழே உள்ள பிரேக்கர் உடனே அறுக்கும். இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள இரண்டு மடங்கில் நின்றுவிடும். 10 கேவிஏ, 220 வோல்ட், ஒற்றை ஃபேஸ் என்றால் முழு லோடு 45 ஆம்பியர், உச்சம் சுமார் 90. கீழே 16 ஆம்பியர் சி-வகை எம்சிபி இருந்தால் உடனடி ட்ரிப் 80 முதல் 160 ஆம்பியருக்குள் எங்கோ. 90இல் அது அறுக்கலாம், அறுக்காமலும் போகலாம். அறுக்காவிட்டால் வெப்பப் பகுதி நொடிக் கணக்கில் எடுத்துக்கொள்ளும், அதுவரை பஸ் முழுக்கச் சரிந்து கிடக்கும். பி-வகை என்றால் 48 முதல் 80, நிச்சயம் அறுக்கும். பைபாஸுக்கு மாறி அங்கிருந்து கரன்ட் எடுத்து அறுக்கும் என்று விற்பனையாளர் சொல்வார். உண்மைதான், பைபாஸ் உயிரோடிருந்தால்.

ஆனால் பி-வகைக்கு மாற்றியதும் தொடக்கக் கரன்ட் தலைநீட்டும். இன்றைய ஸ்விட்சிங் பவர் சப்ளைகள் கிளம்பும் முதல் சில மில்லிநொடிகளில் ஒவ்வொன்றும் 30, 40 ஆம்பியர் இழுக்கும். அதைக் கட்டுப்படுத்த உள்ளே வெப்பத்தில் தடை குறையும் தெர்மிஸ்டர் இருக்கும். குளிர்ந்த நிலையில் ஆலையில் சோதித்தால் நன்றாகவே காட்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது அது சூடாக, தடையே இல்லாதது போலிருக்கும். 200 மில்லிநொடி சரிவுக்குப்பின் மின்சாரம் திரும்பும்போது ஒரு கட்டுப்பாடும் இல்லாமல் எல்லாம் ஒரே சமயத்தில் இழுக்கும். ஆகவே தொடக்கக் கரன்ட்டைச் சூட்டில் அளக்க வேண்டும்: அரை மணி நேரம் முழு லோடில் ஓட்டி, 200 மில்லிநொடி அறுத்து, மீண்டும் கொடுத்து.

கேபினட்டுக்குள், 24 வோல்ட்டில்

பஸ்ஸிலிருந்து இறங்கிக் கட்டுப்பாட்டு கேபினட்டுக்குள் வந்தால், வழக்கமாக இரண்டு 24 வோல்ட் மாட்யூல்கள் டையோடு வழியாக ஒரே பொது மின்பாதைக்கு ஊட்டும். ஒன்று செத்தால் மற்றது தாங்கும். இதில் மூன்று ஓட்டைகள்.

ஒன்று, கண்காணிப்பு ரிலேயை டையோடுக்குப் பின்னால் வைத்தால் ஒரு மாட்யூல் செத்ததே தெரியாது. இரண்டாவது சாகும் நாளில்தான் தெரியும். ஒவ்வொரு மாட்யூலுக்கும் டையோடுக்கு முன்னாலேயே ரிலே வேண்டும். இரண்டு, டையோடு எப்போதும் உயர்ந்த மின்னழுத்தத்தையே தேர்ந்தெடுக்கும். ஒரு மாட்யூலின் சீராக்கி கெட்டு 30 வோல்ட் தந்தால், நல்ல மாட்யூல் ஒதுங்கிவிடும். கார்டுகள் 30 வோல்ட்டை வாங்கும். எனவே உயர் மின்னழுத்தப் பாதுகாப்பு ஒவ்வொரு மாட்யூலின் வெளியீட்டிலும் தனியாக, 27 அல்லது 28 வோல்ட்டில், ட்ரிப் ஆனால் தானாகத் திரும்பாத வகையில் இருக்க வேண்டும். மூன்று, சூடு. சாதாரண சிலிக்கன் டையோடில் 0.7 வோல்ட் விழும். 10 ஆம்பியரில் 7 வாட். ஷாட்கி வகையில் 4 வாட் அளவில் நிற்கும். காற்றோட்டம் குறைந்த பழைய கேபினட்டில் இந்த மூன்று வாட் வித்தியாசம் பக்கத்து கெப்பாசிட்டரின் ஆயுளைத் தின்னும்.

எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் கணக்கு பலருக்கும் மனப்பாடம்: பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இருமடங்கு. 105 டிகிரியில் 5,000 மணி நேரம் என்று அச்சிட்ட கெப்பாசிட்டர், 65 டிகிரியில் 16 மடங்கு, அதாவது 80,000 மணி நேரம். ஒன்பது ஆண்டு சொச்சம். கேபினட்டின் அறை வெப்பத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கெப்பாசிட்டரின் உடம்பில் தெர்மோகப்பிள் ஒட்டி அளந்த எண்ணை வையுங்கள். அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் உதிரி மாட்யூலிலும் ஆக்சைடு படலம் மெலியும். அதை நேராக முழு மின்னழுத்தத்தில் சொருகக் கூடாது. வேரியாக்கில் (மின்னழுத்தத்தை மாற்றத்தக்க டிரான்ஸ்ஃபார்மரில்) மெதுவாக ஏற்றி, லோடு இல்லாமல் சில மணி நேரம் வைத்திருந்து, ரிப்பிளை (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கத்தை) அளந்து, தேதி எழுதி வைக்க வேண்டும். ஸ்விட்சிங் வகையில் குறைந்த உள்ளீட்டில் சுற்று கிளம்பாமல் திணறும் என்பதால் அதன் கையேடு என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

லீனியர் சப்ளையை எடுத்துவிட்டு ஸ்விட்சிங் வைத்தால் எடை குறையும், சூடு குறையும், சத்தம் கூடும். காதில் கேட்கும் சத்தம் அல்ல. நூறு கிலோஹெர்ட்ஸ் பகுதியில் ஓடும் மின்சத்தம். நியூட்ரான் அளவீட்டுச் சங்கிலிகள் மிகச் சிறிய கரன்ட்டைக் கையாள்பவை. முதலில் பாதிக்கப்படுவது அவைதான். ரிப்பிளை அளக்கும்போது ப்ரோபின் நீண்ட எர்த் கிளிப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு, முனையிலேயே குட்டி ஸ்பிரிங் எர்த் வைத்து அளக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது கிளிப்பின் வளையம் பிடித்த சத்தத்தை.

வேலை வரிசை

ஒரு ஷட்டவுனில் ஒரு தொகுதி. நான்கையும் ஒரே ஆண்டில் முடித்துவிடலாம் என்ற திட்டம் நிதிப்பிரிவுக்கு இனிக்கும். நான்கிலும் ஒரே தவறு ஒரே ஆண்டில் நுழையும் என்பதும் அதனுள்ளே இருக்கிறது. நான்குக்கும் வெவ்வேறு உற்பத்தியாளர் வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. உதிரி, பயிற்சி, ஆவணம் எல்லாம் இரட்டிப்பாகும். இந்தக் கட்டுரையின் சாய்வு: பெட்டி ஒன்றாக இருக்கட்டும், அதைச் சார்ந்திருக்கும் வழிகள் பிரியட்டும். டீசலும் யுபிஎஸ்ஸும் ஒரே வயரில் தொங்காவிட்டால் ஃபோர்ஸ்மார்க்கின் 22 நிமிடம் இல்லை.

அந்த நிகழ்வுக்குப் பின் ஓஇசிடி அணுசக்தி முகமை டிடெல்சிஸ் என்ற பெயரில் தனிப் பணிக்குழு அமைத்து, 2009இல் அறிக்கை தந்தது. மின்னமைப்பை இயந்திரப் பக்கத்துக்கு இணையான பாதுகாப்பு அடுக்காகப் பார்க்கும் பழக்கம் அதன்பின் வலுத்தது.

யுபிஎஸ் செட்டிங், டீசலின் வேக அளவீட்டு வயர் ஆகிய இரண்டைத் தவிர, மூன்றாவதாக ஒன்று ஃபோர்ஸ்மார்க்கில் மறைந்திருந்தது. அதுவும் மாற்று வேலையில் வந்ததுதான். 2005இல் ஜெனரேட்டரின் குறை அதிர்வெண் பாதுகாப்பைப் புதிய கருவியாக மாற்றியிருந்தார்கள். பழையதைப் போலன்றி, புதியதற்கு ஃபேஸ் வரிசை சரியாக இருக்க வேண்டும். வயரிங்கில் வரிசை மாறியிருந்தது. அன்று டர்பைன் வேகம் குறைந்து அதிர்வெண் இறங்கியபோது பாதுகாப்பு இயங்கவில்லை. பஸ்கள் உரிய நேரத்தில் பிரியவில்லை. பொருத்தியபின் செய்த சோதனையில் இது பிடிபடவில்லை.

ஏன் பிடிபடாமல் போகலாம் என்பது ரிலே சோதிப்பவர்களுக்குத் தெரியும். சோதனைப் பெட்டி டெஸ்ட் பிளாக்கில் சொருகப்படும். அது எப்போதும் சரியான வரிசையில்தான் மின்னழுத்தம் கொடுக்கும். மின்னழுத்தத்தை அளந்து தரும் டிரான்ஸ்ஃபார்மர் (பிடி) வரையிலான நிஜ வயரைத் தொடவே தொடாது. ரிலே பாஸ் ஆகும், வயர் தப்பாகவே இருக்கும். எனவே கேபினட் கதவை மூடும் முன், சோதனைப் பெட்டியைக் கழற்றிவிட்டு, நிஜ மின்சாரத்தில், ரிலேயின் டெர்மினலிலேயே ஃபேஸ் வரிசை மீட்டரை வைத்து ஒருவர் படிக்க, இன்னொருவர் தனியாகப் படித்து எழுத வேண்டும். பத்து நிமிட வேலை. எண்கள் ஒத்தால் இருவரும் கையெழுத்திட்டுக் கதவைப் பூட்டலாம்.